ஹாட் டப் பராமரிப்பு: தண்ணி நிரப்புறதுல இருந்து குளிர்காலம் தாண்டுற வரைக்கும், படிப்படியா

புதுசா ஹாட் டப் (ஜெட்ல தண்ணி பீச்சுற, உள்ள உக்காந்து குளிக்கிற சுடுதண்ணித் தொட்டி) வாங்கின சிலபேருக்கு பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்திருக்கேன், எல்லாரும் ஒரே மாதிரி தான் தடுமாறுறாங்க. கெமிக்கல் டப்பாவெல்லாம் வாங்கி வரிசையா அடுக்கிடுவாங்க, ஆனா எதை முதல்ல போடணும், எதுக்கு அப்புறம் எதைப் போடணும்னு தெரியாது. குளிர்காலத்துலயும் அதே கதை தான். மேல தெரியுற தண்ணியை வடிச்சுட்டு "காலி பண்ணியாச்சு"ன்னு உள்ள போயிடுவாங்க, பைப்புக்குள்ள தங்கின ரெண்டு லிட்டர் தண்ணி உறைஞ்சு வெடிச்சு வச்சிருக்கிறது அடுத்த தடவை நிரப்பும்போது தான் தெரியும்.

ஒண்ணே ஒண்ணை மட்டும் மனசுல ஏத்திக்கோங்க, இந்த டப்புக்கு எதிரி அசையாம நிக்கிற தண்ணி தான். தண்ணி நின்னா பைப்புக்குள்ள கிருமி வழவழன்னு படலம் கட்டும், குளிர்ல ஐஸ் கட்டும். கீழ இருக்கிற முக்காவாசி வேலை, தண்ணியை ஒழுங்கா ஓட வைக்கிறதுக்கு, இல்லனா ஒரு சொட்டு விடாம வெளிய எடுக்கிறதுக்கு.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில வேண்டியது

முதல்ல உங்க டப் எத்தனை லிட்டர்னு கண்டுபிடிங்க. மேனுவல்ல இருக்கும், இல்லனா நிரப்பும்போது ஒரு வாளி எத்தனை செகண்ட்ல நிறையுதுன்னு பாத்து மொத்த நேரத்தை வச்சு கணக்குப் போடுங்க. லிட்டர் தெரியாம போடுற எந்த கெமிக்கலும் குத்துமதிப்பு தான், "ஒரு மூடி போடு"ன்னு யாராவது சொன்னா எத்தனை லிட்டருக்குன்னு திருப்பிக் கேளுங்க.

அப்புறம் டெஸ்ட் ஸ்ட்ரிப், முடிஞ்சா சொட்டு மருந்து விட்டுப் பாக்குற டெஸ்ட் கிட்டும் ஒண்ணு. சமையல் சோடா (ஆல்கலினிட்டி ஏத்த), சோடியம் பைசல்ஃபேட் (பிஎச், அதாவது தண்ணியோட ஆசிட்-காரத் தன்மையைக் காட்டுற நம்பரை இறக்க, டப்பாவுல "பிஎச் மைனஸ்"னு இருக்கும்), கால்சியம் குளோரைடு, குளோரின் இல்லனா புரோமின், பைப் கிளீனர். ஃபில்டர் ரெண்டு செட். குளிர்காலத்துக்கு டப்பை மூடி வைக்கிற எண்ணம் இருந்தா, தண்ணியை உறிஞ்சவும் காத்து ஊதவும் முடியுற வெட் வேக்யூம் ஒண்ணு, இது இல்லாம அந்த வேலையில இறங்காதீங்க.

நீச்சல் குளத்துக்கு விக்கிற பெரிய டிரைகுளோர் மாத்திரையை மட்டும் வாங்கிடாதீங்க, விலை கம்மின்னு நிறைய பேர் இதுல தான் மாட்டுறாங்க. அது கடும் ஆசிட் தன்மை உள்ளது, குளத்துல கரைஞ்சு பரவிடும், ஆனா டப்ல கொஞ்சம் தண்ணி தானே, பிஎச் தரைக்கு வந்து ஹீட்டர் காயிலை அரிச்சிடும். மாத்திரை சீட்டுல விழுந்து கிடந்தா அந்த இடத்துல அக்ரிலிக் வெளுத்துப் போகும், அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

2. குளோரினா புரோமினா, முதல்லயே முடிவு பண்ணுங்க

ரெண்டும் வேலை செய்யும். குளோரின் வேகமா கொல்லும், வேகமா தீர்ந்தும் போகும், அதனால தினமும் டப் பக்கம் போறவங்களுக்கு சரி. புரோமின் சூட்டுல கொஞ்சம் நிதானமா நிக்கும், மிதவையில மாத்திரையைப் போட்டு விடலாம், ஆனா ஒரு தடவை புரோமின் தண்ணி ஆயிட்டா அதே தண்ணியில குளோரினுக்கு மாற முடியாது. நீங்க ஊத்துற குளோரின் தண்ணியில இருக்கிற புரோமைடை மறுபடி புரோமின் ஆக்கிட்டே இருக்கும். மாறணும்னா வடிச்சுட்டு புதுத் தண்ணி தான்.

குளோரின்னா பெரும்பாலும் டைகுளோர் பொடி. வசதி தான், ஆனா கூடவே சயனூரிக் ஆசிட்னு ஒண்ணை விட்டுட்டுப் போகும். 10 பிபிஎம் (பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு) குளோரின் ஏத்தினா 9 பிபிஎம் சயனூரிக் ஆசிட் ஏறும், அது ஆவியாகாது, ஃபில்டர்ல நிக்காது, சேர்ந்துக்கிட்டே போகும். அது ஏற ஏற குளோரின் இருந்தும் மந்தமாயிடும், ஸ்ட்ரிப்ல நம்பர் சரியா இருக்கும் ஆனா தண்ணி நாறும். அதனால நான் புதுத் தண்ணிக்கு முதல் சில நாள் மட்டும் டைகுளோர் போட்டு, சயனூரிக் ஆசிட் 30 பிபிஎம் கிட்ட வந்ததும் வாசனை சேர்க்காத லிக்விட் பிளீச்சுக்கு மாறிடுவேன்.

ரெண்டு விதமான குளோரின் பொடியை ஒரே டப்பாவுல, ஒரே கரண்டியில புழங்காதீங்க, கலந்தா தீப்பிடிக்கும். ஆசிட்டும் குளோரினும் பக்கத்து பக்கத்துல வைக்காதீங்க, கலந்தா விஷ வாயு. இதுல விளையாட்டே வேண்டாம்.

3. பழைய தண்ணியை வெளியேத்துறது

டப் புதுசுன்னாலும் இந்தப் படியைத் தாண்டாதீங்க. ஃபேக்டரியில தண்ணி விட்டு டெஸ்ட் பண்ணிட்டுத் தான் அனுப்புவாங்க, அந்த ஈரம் மாசக்கணக்குல பைப்புக்குள்ள இருந்திருக்கும்.

வடிக்கிறதுக்கு முன்னாடி, பழைய தண்ணி (புது டப்னா இதுக்குன்னே நிரப்பின தண்ணி) இருக்கும்போதே ஃபில்டரைக் கழட்டிட்டு பைப் கிளீனரை ஊத்தி எல்லா ஜெட்டையும் ஓட விடுங்க. எவ்வளவு நேரம்னு டப்பாவுல போட்டிருக்கும், சிலது ஒரு மணி நேரம், சிலது ராத்திரி முழுக்க. பழுப்பா, பச்சையா, ஈரப் பேப்பர் மாதிரி திப்பி திப்பியா மேல வரும், பாத்தா குமட்டும். அது தான் பைப்புக்குள்ள ஒட்டியிருந்த படலம். இதைச் செய்யாம வடிச்சு நிரப்பினா, புதுத் தண்ணியில போடுற குளோரினை அந்தப் படலமே தின்னுடும், ரெண்டு நாள்ல தண்ணி கலங்கும், நீங்க குளோரின் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க.

அடுத்து பிரேக்கரை (டப்புக்கு வர்ற கரண்டையே நிறுத்துற ஸ்விட்ச்) ஆஃப் பண்ணுங்க. இதுக்கு அப்புறம் தான் டிரெயினைத் திறக்கணும், வரிசை மாறக் கூடாது. தண்ணி இறங்கினதுக்கு அப்புறம் ஹீட்டரோ மோட்டாரோ தானா ஓட ஆரம்பிச்சா காஞ்சு எரிஞ்சு போகும். டிஸ்பிளேயில ஆஃப் பண்ணியிருக்கேனேன்னு சொல்லுவாங்க, ஃபில்டர் சைக்கிள் டைமர்ல வரும், அதுக்கு நீங்க ஆஃப் பண்ணினது தெரியாது.

வடிஞ்சதும் ஷெல்லை, அதாவது டப்போட உள் ஓட்டைத் துடைச்சு, நல்ல தண்ணி விட்டு அலசுங்க. நுரை வர்ற சோப்பு எதுவும் வேண்டாம், அலசி அலசி ஊத்தினாலும் ஜெட் போட்டதும் நுரையா கிளம்பும். வெயில்ல காலி டப்பைத் திறந்து போடாதீங்க, ஷெல் சூடாகி உப்பிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்னா, லிட்டரை 11 ஆல வகுத்து, வர்றதை தினமும் சராசரியா எத்தனை பேர் இறங்குறாங்களோ அதால வகுங்க. 1500 லிட்டர், ரெண்டு பேர்னா சுமார் 68 நாள். யாருமே அதிகம் இறங்கலைன்னாலும் மூணு நாலு மாசத்துக்கு மேல இழுக்காதீங்க.

4. நிரப்புறது

ஹோஸை டப் நடுவுல போடாதீங்க, ஃபில்டர் கூடுக்குள்ள இறக்கி வச்சு நிரப்புங்க. தண்ணி மோட்டார் பக்கம் இருந்து ஏறும்போது பைப்புல இருக்கிற காத்து ஜெட் வழியா வெளிய தள்ளப்படும். நடுவுல ஊத்தினா காத்து உள்ளயே மாட்டிக்கும், அப்புறம் மோட்டார் உறுமும் ஆனா ஜெட்ல ஒண்ணும் வராது.

அப்படி மாட்டிக்கிச்சுன்னா கரண்டை ஆஃப் பண்ணிட்டு, மோட்டார் பக்கத்துல பைப்பை இணைக்கிற யூனியன் நட்டை லேசா தளர்த்துங்க, புஸ்ஸுன்னு காத்து போய் தண்ணி கசிய ஆரம்பிச்சதும் இறுக்கிடுங்க. கையால இறுக்கினா போதும், பெரிய ரெஞ்ச் வச்சு முறுக்கி நட்டை உடைச்சவங்களும் இருக்காங்க.

போர் தண்ணின்னா இரும்பு, செம்பு இருக்கும், குளோரின் போட்டதும் தண்ணி பச்சையாவோ பழுப்பாவோ மாறும். ஹோஸ் முனையில மாட்டுற ஃபில்டர் ஒண்ணு போட்டு நிரப்பினா இந்தத் தலைவலி குறையும். ஜெட்டும் ஃபில்டர் வாயும் மூழ்குற அளவுக்கு நிறைஞ்சதும், ஃபில்டரை மாட்டிட்டு, அப்புறம் தான் பிரேக்கரைப் போடணும்.

5. தண்ணியை சரி பண்ற வரிசை

எல்லாரும் சொதப்புற இடம் இது தான், மெதுவா போங்க. ஒண்ணு போட்டு, ஜெட் ஓட விட்டு, அரை மணி நேரமாவது கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணிட்டு, அப்புறம் அடுத்தது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொட்டினா எது எதைக் கெடுத்துச்சுன்னே தெரியாது.

முதல்ல ஆல்கலினிட்டி, 80ல இருந்து 120 பிபிஎம். இது தான் பிஎச்சைப் புடிச்சு வைக்கிற கட்டுக்கயிறு, இது கம்மியா இருந்தா பிஎச் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஆடும். ஏத்த சமையல் சோடா போதும், 1000 லிட்டருக்கு 18 கிராம் போட்டா 10 பிபிஎம் ஏறும். கடையில "ஆல்கலினிட்டி பிளஸ்"னு டப்பாவுல இருக்கிறதும் பெரும்பாலும் இதே சோடா தான், பேர் தான் பெருசு.

அடுத்து பிஎச், 7.4ல இருந்து 7.6 குள்ள வந்தா நிம்மதி, 7.2ல இருந்து 7.8 வரைக்கும் பரவால்ல. மேல போனா குளோரின் சோம்பேறி ஆயிடும், ஹீட்டர்ல உப்பு படியும். கீழ போனா கண் எரியும், உலோகம் அரிக்கும். ஆல்கலினிட்டியை முதல்ல சரி பண்ணச் சொன்னதுக்குக் காரணம், அதை ஏத்தும்போதே பிஎச்சும் கொஞ்சம் நகரும், முன்னாடியே பிஎச்சை சரி பண்ணியிருந்தா அந்த வேலை வீண்.

மூணாவது கால்சியம், 150ல இருந்து 250 பிபிஎம். கம்மியா இருந்தா தண்ணி லேசுல நுரைக்கும். 1000 லிட்டருக்கு 15 கிராம் கால்சியம் குளோரைடு போட்டா 10 பிபிஎம் ஏறும், ஒரு வாளித் தண்ணியில கரைச்சு ஊத்துங்க, கரைக்கும்போது வாளி சூடாகும், பயப்படாதீங்க. பிஎச்சை இறக்குறதுக்கு முன்னாடி இதைக் கொட்டினா தண்ணி பால் மாதிரி வெளுத்துடும், அதான் மூணாவது இடம்.

கடைசியில தான் கிருமி நாசினி. ஹாட் டப்புக்கு குளோரின் குறைஞ்சது 3 பிபிஎம், புரோமின்னா குறைஞ்சது 4 பிபிஎம் இருக்கணும்னு அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லுது. சூட்டுத் தண்ணியில ஜெட் போடும்போது பறக்குற நீர்த்துளி வழியா லெஜியோனெல்லா கிருமி நுரையீரலுக்குள்ள போகும், சூடோமோனாஸ் தோல்ல கொப்புளம் கொப்புளமா அரிப்பைக் கொண்டுவரும், அதனால இந்த நம்பர்ல சமரசம் கிடையாது. டைகுளோர்னா 1000 லிட்டருக்கு கிட்டத்தட்ட 2 கிராம் போட்டா 1 பிபிஎம் ஏறும்.

பொடியைத் தண்ணியில போடணும், பொடி மேல தண்ணியை ஊத்தக் கூடாது. போட்டதும் 15, 20 நிமிஷம் கவரைத் திறந்து வச்சு ஜெட்டை ஓட விடுங்க. உடனே மூடினா எழும்புற வாயு கவரோட அடிப்பக்கத்தையும் தலையணையையும் தின்னுடும்.

டெஸ்ட் பண்ணும்போது முழங்கை ஆழத்துல இருந்து தண்ணி எடுங்க, மேல்மட்டத் தண்ணி பொய் சொல்லும். ஈரக் கையை ஸ்ட்ரிப் டப்பாக்குள்ள விடாதீங்க, ஒரு சொட்டு போதும், மிச்ச ஸ்ட்ரிப் எல்லாம் வீண். குளோரின் ரொம்ப அதிகமா இருக்கும்போது பாக்குற பிஎச்சையும் நம்பாதீங்க, நிறம் தப்பாக் காட்டும். அதைப் பாத்து ஆசிட் போட்டு, மறுநாள் சோடா போட்டு, அடுத்த நாள் மறுபடி ஆசிட் போட்டு ஒரு வாரம் ஓட்டினது வேற யாரும் இல்ல, நான் தான்.

6. தினமும், வாரா வாரம்

இறங்குறதுக்கு முன்னாடி சோப்பு போடாம ஒரு குளியல், அவ்வளவு தான், பாதி கெமிக்கல் மிச்சம். லோஷன், தலை எண்ணெய், குளியல் உடுப்புல மிச்சமிருக்கிற துணி சோப்பு, இது எல்லாம் தான் நுரையா வருது.

வெளிய வந்ததும் குளோரின் போடுங்க, அடுத்த தடவை இறங்குறதுக்கு முன்னாடி இல்ல. வியர்வையும் எண்ணெயும் புதுசா இருக்கும்போதே எரிச்சுடணும். கணக்கு தோராயமா இப்படி: ஒரு ஆள் ஒரு மணி நேரம் உக்காந்தா 16 கிராம் டைகுளோர் செலவாகும். ரெண்டு பேர் அரை மணி நேரம்னாலும் அதே. நாலு பேர் ஒரு மணி நேரம்னா நாலு மடங்கு, விருந்தாளி வந்துட்டுப் போன மறுநாள் ஏன் தண்ணி கலங்குதுன்னு இப்ப புரியும்.

வாரத்துக்கு ஒரு தடவை ஷாக், அதாவது தேங்கின அழுக்கை ஒரே அடியா எரிக்கிறது. குளோரினை 10 பிபிஎம் வரைக்கும் ஏத்தி ராத்திரி விட்டுடலாம், இல்லனா எம்பிஎஸ்னு சொல்லுற குளோரின் இல்லாத ஷாக் பொடி. எம்பிஎஸ் அழுக்கை எரிக்கும், ஆனா அதை மட்டும் நம்பி கிருமி போயிடும்னு இருக்காதீங்க. "குளோரின் வாடை தூக்குது, அதிகமாப் போட்டுட்டேன்"னு சொல்லுவாங்க பாருங்க, அது பெரும்பாலும் உல்டா. அழுக்கோட சேர்ந்து செத்த குளோரின் தான் அப்படி நாறும், அதுக்கு மருந்து இன்னும் குளோரின்.

யாரும் உள்ள இல்லாதப்போ காத்து வால்வை மூடி வைங்க. குமிழி குமிழியா காத்து கலக்கக் கலக்க கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் தானா ஏறும், "ஆசிட் போட்டுட்டே இருக்கேன் நிக்கவே மாட்டேங்குது"ன்னு புலம்புறவங்க முக்காவாசிப் பேருக்கு இது தான் காரணம்.

சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல வேண்டாம், ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம் போதும். 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களை இறக்காதீங்க, கர்ப்பிணிகள் டாக்டரைக் கேக்காம இறங்க வேண்டாம், குடிச்சுட்டு யாரும் வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை பிரேக்கர்ல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கி, கரண்ட் உடனே கட் ஆகுதான்னு பாத்துக்கோங்க.

7. ஃபில்டர்

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழட்டி, மடிப்பு மடிப்பா விரிச்சு ஹோஸ்ல அலசுங்க. பிரஷர் வாஷர் வேண்டாம், துணி நார் பிஞ்சு அதுக்கு அப்புறம் எதையும் பிடிக்காது. மாசம் ஒரு தடவை ஃபில்டர் கிளீனர்ல ராத்திரி ஊற வைங்க, எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணிக்குப் போகாது. ரெண்டு செட் வாங்கச் சொன்னது இதுக்குத் தான், ஒண்ணு ஊறும், காயும், இன்னொண்ணு ஓடும். ஒண்ணு ரெண்டு வருஷத்துல மாத்திடுங்க.

ஹீட்டர் நின்னு போச்சு, டிஸ்பிளேயில ஃப்ளோ எரர் (தண்ணி ஓட்டம் பத்தலைங்கிற எச்சரிக்கை) காட்டுதுன்னா, மெக்கானிக்கைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஃபில்டரை வெளிய எடுத்துட்டு ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. எரர் போயிடுச்சுன்னா ஃபில்டர் அடைப்பு தான். நான் பாத்த "ஹீட்டர் போச்சு" கேஸ்ல பாதி இதுல முடிஞ்சிருக்கு.

8. கவர்

சூடு போறதுல பெரும்பகுதி மேல் வழியா தான், அதனால கவர் தான் உங்க கரண்ட் பில். கவரைத் தூக்கும்போது போன வருஷத்தை விட கனமா இருக்கா? உள்ள ஃபோம் தண்ணி குடிச்சிருக்கு, சூட்டை நிறுத்தாது, மாத்துறதைத் தவிர வழியில்ல. குளிர்காலத்துக்கு முன்னாடியே இதைப் பாத்துடணும். வாரத்துக்கு ஒரு நாள் கவரைத் திறந்து அடிப்பக்கத்தைக் காத்தாட விடுங்க.

9. குளிர்காலம்: ஓட விடுறதா, காலி பண்றதா

தண்ணி உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், பைப்புக்கு அது தாங்காது. அதனால ரெண்டே வழி தான், ஒண்ணு முழுசா சூடா ஓடணும், இல்லனா முழுசா காஞ்சிருக்கணும். "கொஞ்சமா சூடு வச்சுட்டு அப்பப்போ பாத்துக்கலாம்", "பாதி தண்ணி வடிச்சுட்டு வைக்கலாம்"ன்னு நடுவுல நிக்கிறவங்க தான் அடி வாங்குறாங்க.

நீங்க அங்கயே இருந்து, டப்பை வாரத்துக்கு ஒரு தடவையாவது பாக்க முடியும்னா ஓட விடுங்க, காலி பண்ற வேலையில தப்பு நடக்குற வாய்ப்பு அதிகம். வாரக்கணக்குல யாரும் இருக்க மாட்டோம், அடிக்கடி கரண்ட் போகும், எட்டிப் பாக்கவும் ஆள் இல்லன்னா காலி பண்ணுங்க.

10. ஓட விடுறவங்களுக்கு

உறைபனி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தண்ணியை மாத்திடுங்க, அப்ப தான் நடுக் குளிர்ல வடிக்க வேண்டிய நிலைமை வராது. உறைபனியில வடிச்சு நிரப்புறது எவ்வளவு மோசம்னு ஒரு கணக்கு: 5.5 கிலோவாட் ஹீட்டர் 1500 லிட்டரை மணிக்கு சுமார் 3 டிகிரி ஏத்தும், ஐஸ் மாதிரி தண்ணியை 38க்குக் கொண்டுவர அரை நாள். பிளக்ல சொருகுற 1.5 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 1 டிகிரி கூட ஏத்தாது, ரெண்டு நாள் ஆகும், அந்த நேரம் முழுக்க வெளிய குளிர்.

ஃபில்டர் சைக்கிளை நாள் முழுக்க பரவுற மாதிரி பிரிச்சு வைங்க. காலையில ஒரே அடியா நாலு மணி நேரம் ஓடிட்டு மிச்ச இருபது மணி நேரம் நிக்கிறதை விட, சின்னச் சின்னதா பல தடவை ஓடினா பைப்புத் தண்ணி ஆறாது. முக்கியமா ராத்திரி, விடியக்காலை நேரத்தை விட்டுடாதீங்க.

உறைபனித் தடுப்பு மோடு நிறைய டப்ல இருக்கு, சென்சார்ல சூடு ரொம்ப இறங்கினா மோட்டார் தானா ஓடும். நல்லது தான், ஆனா அது கரண்ட் இருந்தா மட்டும் வேலை செய்யும், பிரேக்கர் டிரிப் ஆனா அதுவும் சேர்ந்து தூங்கிடும். அதனால தினமும் டிஸ்பிளேயை ஒரு பார்வை பாருங்க. போன்ல சூடு காட்டுற சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது.

தண்ணி மட்டம் குறையாம பாத்துக்கோங்க. ஆவியில இறங்கி இறங்கி ஃபில்டர் வாய் காத்தை இழுக்க ஆரம்பிச்சா மோட்டார் நின்னுடும், உறைபனி ராத்திரியில அது நடந்தா கதை முடிஞ்சது. சேர்த்துட்டு ஹோஸை வடிச்சு உள்ள எடுத்து வச்சிடுங்க.

கவர் மேல பனி விழுந்தா மெத்துனு இருக்கிற துடைப்பத்தால தள்ளுங்க, மண்வெட்டி போட்டா வினைல் கிழியும், கிழிஞ்ச இடத்துல ஈரம் இறங்கி ஃபோம் தண்ணி குடிக்கும். கவர் ஷெல்லோட ஒட்டி உறைஞ்சிருந்தா இழுத்துப் பிய்க்காதீங்க, ஓரத்துல வெதுவெதுப்பான தண்ணி ஊத்திப் பிரிச்சு எடுங்க. காத்து அடிச்சா கவர் பறந்துடும், பெல்ட் கிளிப் எல்லாத்தையும் மாட்டி வைங்க.

11. கரண்ட் போயிடுச்சு, இப்ப என்ன

கவரைத் திறக்காதீங்க. "எவ்வளவு சூடு இருக்குன்னு பாப்போம்"னு திறந்து திறந்து பாத்தே ஆறவச்சவங்க இருக்காங்க. நல்ல கவர் இருந்தா அவ்வளவு தண்ணி நாள் ஒண்ணுக்கு சில டிகிரி தான் இறங்கும், அது பெரிய சூட்டுப் பாத்திரம். அதுக்கு முன்னாடி உறையுறது பக்கத்துப் பெட்டிக்குள்ள இருக்கிற மெல்லிசான பைப்பும் மோட்டாரும் தான், கவலை அங்க இருக்கணும்.

கவர் மேல கம்பளி, அதுக்கு மேல தார்ப்பாய் போட்டுக் கட்டுங்க. பெட்டி சுவரைச் சுத்தியும் பழைய போர்வையைச் சுத்தலாம், ஆனா கரண்ட் வந்ததும் காத்துப் போற துவாரத்தை அடைக்காம எடுத்துடணும். ஜெனரேட்டர் இருந்தா ஹீட்டரை விட்டுட்டு மோட்டாரை மட்டும் மெதுவான வேகத்துல ஓட்டினாலே போதும். ஜெனரேட்டர் திறந்த வெளியில தான் இருக்கணும், கேரேஜ்ல இல்ல, புகை ஆளைக் கொல்லும்.

ஹீட்டர் மட்டும் செத்து மோட்டார் ஓடுதுன்னா பதறாதீங்க, ஆஃப் பண்ணவும் செய்யாதீங்க. ஓட விட்டே வைங்க, ஓடுற தண்ணி சீக்கிரம் உறையாது, மோட்டார் சூடும் கொஞ்சம் சேரும். பயத்துல பிரேக்கரை இறக்கினா தான் ஆபத்து.

கரண்ட் வர ரொம்ப நாள் ஆகும், தண்ணி 10 டிகிரிக்குக் கீழ போயிடுச்சுன்னா, அடுத்த படிக்குப் போக வேண்டியது தான். ஏற்கனவே உறைஞ்சிருக்குன்னு சந்தேகம் இருந்தா மோட்டாரைப் போட்டுப் பாக்காதீங்க, பெட்டிக்குள்ள மெதுவா சூடு ஏத்தி உருக விட்டு, கசிவு இருக்கான்னு பாத்துட்டு அப்புறம்.

12. முழுசா காலி பண்ணி மூடுறது

உறைபனி இல்லாத ஒரு பகல்ல, அரை நாள் ஒதுக்கிட்டு இறங்குங்க. இது அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாதுங்கிற வேலை. மேனுவலையும் பக்கத்துல வைங்க, மாடலுக்கு மாடல் டிரெயின் பிளக் இருக்கிற இடம் மாறும்.

முதல்ல 3வது படியில சொன்ன மாதிரி பைப் கிளீனர் ஓட்டுங்க. அழுக்கோட மூடினா அந்தப் படலம் மாசக்கணக்குல உள்ள ஊறும். அப்புறம் பிரேக்கர் ஆஃப், டிரெயின் திறப்பு.

வடிஞ்சதும், காத்து ஊதுற புளோயர் இருக்கிற டப்னா, பிரேக்கரைப் போட்டு புளோயரை மட்டும் 30 செகண்ட் ஓட்டிட்டு மறுபடி ஆஃப். காத்துப் பைப்புல நிக்கிற தண்ணி வேற வழியில வராது. மோட்டாரும் ஹீட்டரும் ஓடாம இதைச் செய்ய முடியுமான்னு மேனுவல்ல பாத்துட்டு செய்ங்க.

அடுத்து வேக்யூம். எல்லாக் காத்து வால்வையும் திறங்க, டைவர்ட்டரை (தண்ணியை எந்தப் பக்க ஜெட்டுக்கு அனுப்பணும்னு திருப்புற பிடி) நடுவுல வைங்க. மேல இருக்கிற ஜெட்ல ஆரம்பிச்சு கீழ வாங்க, கீழ இருந்து ஆரம்பிச்சா மேல இருக்கிறது மறுபடி இறங்கி நிரம்பும். ஒவ்வொரு ஜெட்லயும் முதல்ல ஊதுங்க, பக்கத்து ஜெட்டைத் துண்டால அடைச்சுக்கிட்டா காத்து வேற வழியில ஓடாது. அப்புறம் உறிஞ்சுங்க. இனி வராதுன்னு தோணினதுக்கு அப்புறமும் இன்னொரு சுத்து, கண்டிப்பா வரும்.

பெட்டிக் கதவைத் திறந்து, ஒவ்வொரு மோட்டார்லயும் அடியில இருக்கிற சின்ன பிளக்கைக் கழட்டுங்க. ஹீட்டரோட ரெண்டு பக்க யூனியனையும் தளர்த்துங்க. நாள் முழுக்க ஓடுற குட்டி சர்குலேஷன் மோட்டார், ஓசோன் டியூப் (தண்ணியைச் சுத்தம் பண்ற ஓசோன் வாயு வர்ற குழாய்), நீர்வீழ்ச்சி பைப், இந்த மூணையும் தான் எல்லாரும் மறப்பாங்க. என் டப்ல வெடிச்சது ஓசோன் டியூப் பக்கத்துல சுண்டு விரல் தண்டிக்கு ஒரு பைப், அதைத் தேடிக் கண்டுபிடிக்க இன்சுலேஷன் ஃபோமைக் கை கையா பிய்ச்சு எடுத்தேன். கழட்டின பிளக் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு ஃபில்டர் கூட்டுக்குள்ள கட்டித் தொங்க விடுங்க, வேற எங்க வச்சாலும் காணாமப் போகும்.

என்ன உறிஞ்சினாலும் வளைவுல கொஞ்சம் தங்கும், அதுக்கு ஆன்ட்டிஃப்ரீஸ். புரோப்பிலீன் கிளைக்கால் உள்ளது மட்டும், தண்ணிக் குழாய்க்குன்னே விக்கிறது, பெரும்பாலும் ரோஸ் கலர்ல இருக்கும். கார் ரேடியேட்டர்ல ஊத்துற எத்திலீன் கிளைக்கால் விஷம், பக்கத்துலயே வராதீங்க. ஜெட் வழியாவும் ஃபில்டர் வாய் வழியாவும் புனல் வச்சு ஊத்துங்க, மோட்டார் பிளக் துவாரத்துல ரோஸ் கலர் எட்டிப் பாத்துச்சுன்னா சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம், அப்ப அந்த பிளக்கை மட்டும் மாட்டிடுங்க. சில கம்பெனி இதை வேண்டாம்னு சொல்லும், அவங்க பேச்சைக் கேளுங்க, வாரண்டி அவங்க கையில.

அடியில தேங்கினதை ஸ்பாஞ்ச்ல ஒத்தி எடுங்க. ஃபில்டரைக் காய வச்சு வீட்டுக்குள்ள வைங்க. காலி டப்ல கவருக்கு அடியில தாங்குறதுக்கு ஒண்ணும் இல்ல, பனி கனத்துல நடுவுல முறியும், அதனால டப் மேல ஒரு பிளைவுட் பலகை போட்டு அதுக்கு மேல கவர், அதுக்கு மேல தார்ப்பாய். பெட்டித் துவாரத்துக்கு எலி வலை அடிங்க, ஒயரைக் கடிச்சு வைக்கும். பிரேக்கர்ல "தண்ணி இல்ல, போடாதே"ன்னு எழுதி ஒட்டுங்க, வீட்ல யாராவது எதுக்கோ எல்லா பிரேக்கரையும் வரிசையா மேல தள்ளுவாங்க.

13. மறுபடி திறக்கும்போது

பிளக், யூனியன் எல்லாத்தையும் எண்ணி மாட்டிட்டு, ஃபில்டர் இல்லாம நிரப்பி, கொஞ்ச நேரம் ஓட விட்டு அந்தத் தண்ணியை மொத்தமா வடிச்சிடுங்க. ஆன்ட்டிஃப்ரீஸ் மிச்சம் இருந்தா குளோரினைத் தின்னும், நுரைக்கும். ரெண்டாவது நிரப்புல தான் ஃபில்டர், அப்புறம் 5வது படி முதல்ல இருந்து.

முதல் நிரப்பு ஓடும்போது பெட்டிக் கதவைத் திறந்தே வச்சு, டார்ச் அடிச்சு ஒவ்வொரு யூனியனையும் விரலால தடவிப் பாருங்க. சொட்டு தெரிஞ்சா அந்த நட்டைக் கையால கால் சுத்து இறுக்குங்க, அதுக்கும் நிக்கலைன்னா கரண்டை ஆஃப் பண்ணி, வடிச்சு, நட்டுக்குள்ள இருக்கிற ரப்பர் வளையம் மடிஞ்சு உக்காந்திருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் மடிஞ்சு தான் இருக்கும்.